பழக்கத்தில் இருக்கும் குதிரைக்கு எந்த பிட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரை ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள், பந்தயத்தில் இருந்து ஓய்வு பெற்ற குதிரையை வாங்கியவர்கள், நம் நாட்டு இனங்களான மார்வாரியையோ கத்தியவாரியையோ வீட்டில் வளர்ப்பவர்கள், இவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பிட் என்று நான் சொல்வது குதிரையின் வாய்க்குள் போகும் பகுதி. லகான் என்பது நம் கையில் இருக்கும் வார். பிட்டைத் தாங்கித் தலையில் மாட்டும் வார்கள் எல்லாம் சேர்ந்தது பிரைடில்.

இப்போதுதான் பழக ஆரம்பித்த குதிரை. ஒரே ஒரு பிட் வாங்கச் சொன்னால் எது?

இரண்டு மூட்டு உள்ள சாதாரண ஸ்நாஃபிள். நடுவில் அவரைக்கொட்டை வடிவில் மழமழப்பான ஒரு துண்டு இருக்கும், அதுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தடிமன் 14 மில்லிமீட்டரில் இருந்து 16க்குள். ஓரத்தில் முட்டை வடிவ வளையம், அதாவது எக்பட் இருந்தால் நல்லது. பெரும்பாலான குதிரைகள் இதை ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொள்ளாவிட்டால் என்ன காரணம் என்று தேடுவதற்கும் இது நல்ல ஆரம்பப் புள்ளி.

ஸ்நாஃபிள், கர்ப் என்கிறார்களே, என்ன வித்தியாசம்? மூட்டு இருந்தால் ஸ்நாஃபிள்தானே?

இல்லை, இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லகான் எங்கே மாட்டப்படுகிறது என்பதுதான் விஷயம். வாய்க்குள் இருக்கும் கம்பியின் நேர் ஓரத்தில் உள்ள வளையத்திலேயே லகான் மாட்டினால் அது ஸ்நாஃபிள்: கையில் ஒரு கிலோ இழுத்தால் வாயில் ஒரு கிலோ. கம்பிக்குக் கீழே நீளும் ஒரு கையின் நுனியில் லகான் மாட்டினால் அது கர்ப், நெம்புகோல் வேலை செய்யும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கம்பிக்கு மேலே உள்ள பகுதி 4 செ.மீ, கீழே 8 செ.மீ என்று வையுங்கள். தாடைச் சங்கிலி (கர்ப்பில் தாடைக்குக் கீழே சுற்றிப் போகும் சங்கிலி) இறுகிய பிறகு கையில் 1 கிலோ இழுத்தால் தாடைக்குக் கீழே சுமார் 2 கிலோ, வாய்க்குள் சுமார் 3 கிலோ அழுத்தம் விழும். கடையில் 'டாம் தம்ப் ஸ்நாஃபிள்' என்று விற்பது மூட்டுள்ள ஒரு கர்ப், அதைப் பெயரை நம்பி வாங்காதீர்கள். கிம்பிள்விக்கும் பார்வைக்கு ஸ்நாஃபிள் மாதிரிதான் இருக்கும், ஆனால் தாடைச் சங்கிலி உண்டு, நெம்புகோல் வேலையும் உண்டு.

குதிரையின் வாய்க்குள் பிட் எங்கே உட்காருகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பிட் வாங்குவதில் அர்த்தமே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குதிரைக்கு முன்பற்கள் முடிந்து கடைவாய்ப் பற்கள் தொடங்கும் வரை பல் இல்லாத ஒரு இடைவெளி இருக்கிறது. ஆண் குதிரைகளுக்கு அந்த இடைவெளியில் 4, 5 வயதில் கோரைப் பல் முளைக்கும், பெண் குதிரைகளுக்குப் பெரும்பாலும் இருக்காது. பிட் அந்த இடைவெளியில்தான் கிடக்கிறது. கீழ்த்தாடையில் அந்த இடத்தில் எலும்பு கத்தி முனை போலக் குறுகலானது, மேலே ஈறு மெல்லிய போர்வையாகத்தான் இருக்கிறது, சதை கிடையாது. இரண்டு தாடை எலும்புகளுக்கும் நடுவே நாக்கு. குதிரை வாயை மூடினால் அந்த நாக்கு உள்ளே இருக்கும் இடத்தை முழுக்க அடைத்துக்கொள்ளும், அதாவது பிட்டுக்கு என்று காலி இடம் எதுவும் இல்லை, நாக்கை அழுத்தித்தான் அது தன் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

1980களில் ஹிலாரி கிளேட்டன் என்ற கால்நடை விஞ்ஞானி, ஓடும் எக்ஸ்ரே படம் மூலம் குதிரையின் வாய்க்குள் பிட் எப்படி நகர்கிறது என்று பார்த்தார். குதிரை நாக்கைப் பின்னால் இழுத்து மேடாக்கி பிட்டைத் தூக்குகிறது, சில சமயம் கடைவாய்ப் பற்களுக்கு இடையே கொண்டுபோய்க் கடித்துக்கொள்கிறது என்பதெல்லாம் அதில் தெரிந்தது. வலியில் இருந்து தப்பிக்க அது செய்யும் வேலையைத்தான் நாம் பல நேரம் பிடிவாதம் என்று பெயர் வைத்து அடிக்கிறோம்.

பின்லாந்தில் வண்டிப் பந்தயக் குதிரைகளின் வாயைப் பந்தயம் முடிந்த கையோடு திறந்து பார்த்து ஆய்வு செய்திருக்கிறார்கள். பெரும்பாலான குதிரைகளில் பிட் படும் இடங்களில் புண்ணோ சிராய்ப்போ இருந்தது. வெளியே ரத்தம் தெரிந்த குதிரைகள் மிகச் சில. அதனால் வெளியே ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், ஒரு டார்ச்சை எடுத்து உள்ளே பாருங்கள்: உதட்டு ஓரம், ஈறு மேடு, நாக்கின் விளிம்பு, முதல் கடைவாய்ப் பல்லுக்கு நேரான கன்னத்தின் உட்பக்கம்.

தடிமனான பிட் மென்மையானது என்கிறார்கள், உண்மையா?

பாதி உண்மை. அழுத்தம் பரவும் என்பது சரி. ஆனால் மேலே சொன்ன மாதிரி வாய்க்குள் இடமே இல்லையே. சதைப்பற்றுள்ள நாக்கும் சின்ன வாயும் உள்ள குதிரைக்கு 20 மில்லிமீட்டர் கம்பியைத் திணித்தால் அது வாயை மூடவே சிரமப்படும். பந்தய இனமான தரோபிரெட் குதிரைகளுக்கும் மார்வாரிக்கும் தலை மெல்லியது, பலவற்றுக்கு 14 மி.மீ போதும். மிக மெல்லிய கம்பி நிச்சயம் வெட்டும், முறுக்குக் கம்பி பற்றிப் பேச்சே வேண்டாம். டிரெஸ்ஸாஜ் (குதிரையின் நடை நுணுக்கங்களைக் காட்டும்) போட்டிகளுக்கு, குதிரையேற்றத்தின் சர்வதேச கூட்டமைப்பான எஃப்இஐ, இரண்டு பிட் சேர்ந்து வரும் இரட்டை பிரைடிலில் கர்ப்புக்குக் குறைந்தது 12 மி.மீ, கூட வரும் சின்ன ஸ்நாஃபிளுக்கு 10 மி.மீ என்று வைத்திருக்கிறது, ஆனால் அது பல வருடம் பழகிய குதிரைக்கும் அமைதியான கைக்கும் பொருந்தும் அளவு.

ஒரு மூட்டா, இரண்டு மூட்டா, மூட்டே இல்லாததா?

ஒரு மூட்டு பிட், இழுக்கும்போது மடிந்து நாக்கின் நடுவில் குத்தும், இரண்டு பக்கமும் தாடையை நெருக்கும். பல குதிரைகள் தாங்கிக்கொள்கின்றன, ஆனால் நான் புதுக் குதிரைக்கு அதைத் தேர்வு செய்ய மாட்டேன். இரண்டு மூட்டில் அழுத்தம் நாக்கின் மேல் பரவுகிறது. மூட்டே இல்லாத லேசான வளைவுள்ள கம்பி (மல்லன் என்பார்கள்) வாயில் அசையாமல் கிடக்கும், அதனால் பிட் ஆடினாலே பதறும் குதிரைக்குப் பிடிக்கும். ஆனால் இடது வலது என்று தனித்தனியாகப் பேச அதில் முடியாது, திருப்பக் கற்றுக்கொடுக்கும் கட்டத்தில் இது ஒரு குறை.

ஒரு எச்சரிக்கை. நடுத்துண்டு உள்ள எல்லா பிட்டும் ஒன்றல்ல. டாக்டர் பிரிஸ்டல் என்ற வகையில் நடுவே இருப்பது தட்டையான தகடு, அது சாய்ந்து நின்று விளிம்பால் நாக்கை அழுத்தும். கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

ஓரத்து வளையம் எது நல்லது?

எக்பட் உதட்டைக் கிள்ளாது, நிலையாக இருக்கும். சுழலும் வளையம் (லூஸ் ரிங்) அசைந்துகொண்டே இருப்பதால், பிட்டின் மேல் சாய்ந்து கனமாகப் போகும் குதிரைக்குச் சாய்வதற்குப் பிடி கிடைக்காது, ஆனால் அளவு சின்னதாக இருந்தால் உதட்டு ஓரத்தைக் கிள்ளிவிடும். டி வளையமும், மேலும் கீழும் நீண்ட கம்பி உள்ள ஃபுல் சீக்கும் கன்னத்தின் எதிர்ப்பக்கம் அழுத்தித் திரும்ப உதவும், இளம் குதிரைக்குப் பயன்படும். ஃபுல் சீக் போட்ட குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள், கம்பி கயிற்றிலோ வலையிலோ மாட்டிக்கொண்டால் வாய் கிழியும்.

அளவு எப்படி எடுப்பது?

ஒரு மெல்லிய மரக்குச்சியையோ கெட்டியான கயிற்றையோ பிட் கிடக்கும் இடத்தில் வைத்து, இரண்டு பக்கமும் உதடு முடியும் இடத்தில் குறி வையுங்கள், அந்த இடைவெளிதான் வாயின் அகலம். பிட்டை நேராக நீட்டி வைத்து உள் விளிம்பில் இருந்து உள் விளிம்புக்கு அளக்க வேண்டும், வளையத்தைச் சேர்க்கக் கூடாது. சுழலும் வளையம் என்றால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 5 மி.மீ கூடுதலாக இருக்கட்டும், எக்பட் போன்ற நிலையான வளையத்துக்கு அதைவிடக் குறைவு. தரோபிரெட்டுக்குப் பொதுவாக 5 அங்குலத்தில் இருந்து 5½க்குள் வரும், மட்டக்குதிரைகளுக்கு 5க்குக் கீழே. அகலம் அதிகமான ஒற்றை மூட்டு பிட், ஒரு பக்கமாக வழுக்கி மூட்டு நடுவில் இல்லாமல் போய் ஒரு பக்கத் தாடையை மட்டும் தாக்கும். 'பெரிசா இருந்தா வசதியா இருக்கும்' என்று இதில் மட்டும் யோசிக்காதீர்கள்.

வாயோரத்தில் எத்தனை சுருக்கம் விழ வேண்டும்?

ஒன்றோ இரண்டோ என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆரம்பத்துக்கு அது சரி, ஆனால் உதடு தடித்த குதிரைக்கும் மெல்லிய குதிரைக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது. கோரைப் பல்லிலும் கடைவாய்ப் பல்லிலும் இடிக்காமல், குதிரை அமைதியாக வாயை மூடிக்கொண்டு பிட்டைச் சுமக்கும் உயரம் எதுவோ அதுதான் சரியான உயரம். கன்ன வாரை ஒரு ஓட்டை ஏற்றியும் இறக்கியும் பார்த்து, ஒவ்வொன்றிலும் குதிரையின் முகத்தைக் கவனியுங்கள்.

எந்த வயதில் பிட் போடலாம்? முதல் தடவை எப்படி?

வயதைவிட வாயைப் பாருங்கள். கடைவாய்ப் பால் பற்கள் சுமார் 2½, 3, 4 வயதுகளில் ஒவ்வொன்றாக விழுந்து புதுப் பல் வருகிறது, அதாவது நாம் பழக்க ஆரம்பிக்கும் அதே காலத்தில்தான் வாய்க்குள் இவ்வளவும் நடக்கிறது. அதோடு முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் ஓநாய்ப் பல் என்கிற குட்டிப் பல் பல குதிரைகளுக்கு இருக்கும், பிட் அதில் இடித்தால் தலையை உதறும். அதனால் பிட் போடுவதற்கு முன்பே குதிரை பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டிவிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறையாவது பல் பரிசோதனை வேண்டும், இளம் குதிரைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

முதல் தடவை போடும்போது லகான் வேண்டாம். உதட்டோரம் கட்டைவிரலை விட்டு வாயைத் திறக்கப் பழக்குங்கள், பிட்டில் கொஞ்சம் வெல்லப்பாகு தடவிக்கொள்ளுங்கள், ஊட்டி மாதிரி குளிர்ந்த ஊராக இருந்தால் கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போட்டுவிட்டு, பக்கத்திலேயே நின்று, கழற்றிவிடுங்கள். கழற்றும்போது குதிரையே வாயைத் திறந்து விடும் வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் இழுத்து முன்பல்லில் ஒரு தடவை இடித்தால் போதும், அடுத்த நாள் தலையை வானத்துக்குத் தூக்கிக்கொள்ளும், அப்புறம் அதைச் சரி செய்ய வாரக்கணக்கில் ஆகும்.

பந்தயத்தில் ஓடிய குதிரை வாங்கினேன். எவ்வளவு இழுத்தாலும் நிற்கவில்லை, வேகம்தான் கூடுகிறது. கடுமையான பிட் போடலாமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், என் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம்.

கிண்டி, பெங்களூரு, மைசூரு, ஊட்டி என்று பந்தய மைதானங்களில் ஓடி முடித்த தரோபிரெட்கள்தான் நம் பக்கத்துப் பயிற்சிப் பள்ளிகள் பலவற்றில் இருக்கின்றன. ஒன்றரை, இரண்டு வயதில் இருந்தே அந்தக் குதிரை கற்றுக்கொண்டது என்ன? ஜாக்கி லகானைப் பிணைத்துக் கழுத்தின் மேல் ஊன்றிப் பிடிப்பார், குதிரை அந்தப் பிடியின் மேல் சாய்ந்துகொண்டு ஓடும். பந்தயம் முடிந்ததும் ஜாக்கி எழுந்து நின்று பிடியைத் தளர்த்துவார், குதிரை மெதுவாகும். அதன் மொழியில் இறுக்கிப் பிடித்தால் 'ஓடு', விட்டால் 'போதும்'. நீங்கள் பயந்துபோய் இறுக்கிப் பிடிக்கிறீர்கள், அது சொன்னபடி கேட்டு ஓடுகிறது. அந்தக் குதிரை கீழ்ப்படியவில்லை என்று சொல்லவே முடியாது.

இப்போது பெல்ஹாம், காக் மாதிரி நெம்புகோல் வேலை செய்யும் ஒரு பிட்டை மாட்டினால் என்ன ஆகும்? சில நாள் நிற்கும், வலிக்கிறதே. பிறகு வலியைத் தாண்டிச் சாயக் கற்றுக்கொள்ளும், அல்லது தலையைத் தூக்கி முதுகைக் குழித்துக்கொண்டு ஓடும், சில குதிரைகள் பின்னங்காலில் எழும்பும், அது உங்கள் உயிருக்கே ஆபத்து. அதைவிடக் கடுமையான பிட்டைத் தேடிப் போவீர்கள், இந்த வழிக்கு முடிவு கிடையாது.

செய்ய வேண்டியது இது. முதலில் பல், முதுகு, சேணம் மூன்றையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். பிறகு இரண்டு மூட்டு லூஸ் ரிங் ஸ்நாஃபிள். மூடிய இடத்தில், நடையில் இருந்து ஆரம்பியுங்கள்: உடம்பை நிமிர்த்தி, மூச்சை விட்டு, குரல் கொடுத்து, லகானின் மேல் விரல்களை மூடி, குதிரை ஒரு துளி மெதுவானதும் உடனே விடுங்கள். அந்த 'உடனே'தான் பாடம், ஒரு நொடி தாமதித்தால் குதிரைக்கு எதற்காக விட்டீர்கள் என்று புரியாது. நேர்கோட்டில் இழுபறி வேண்டாம், பெரிய வட்டத்தில் போங்கள், நடை, நிற்றல், நடை, ஓட்டம், நடை என்று மாற்றிக்கொண்டே இருங்கள். நடையில் ஒழுங்காக நிற்காத குதிரையைப் பாய்ச்சலில் விடாதீர்கள். சில மாதங்கள் ஆகலாம், ஆகட்டும், அது பல வருடம் வேறு பாஷை பேசிய குதிரை.

வாயைப் பிளக்கிறது, நாக்கை பிட்டுக்கு மேலே போடுகிறது. மூக்குப் பட்டையை இறுக்கலாமா?

வாயைப் பிளப்பது ஒரு தகவல். பட்டையை இறுக்கினால் தகவல் நின்றுவிடும், வலி நிற்காது. மூக்கெலும்பின் மேல் நடுப்பகுதியில், பட்டைக்கு அடியில் பெரியவர் விரல் இரண்டு தாராளமாக நுழைய வேண்டும். பக்கவாட்டில் சதையில் விரலை நுழைத்துப் பார்ப்பது கணக்கில்லை. போட்டிகளில் இது எவ்வளவு பெரிய பிரச்சினையாக வளர்ந்தது என்றால், 2025இல் எஃப்இஐ இதற்கென்றே ஒரே மாதிரியான அளவுகோலைக் கொண்டுவந்தது.

நாக்கை மேலே போடும் குதிரைக்கு பிட் மிகக் கீழே தொங்குகிறதா, நாக்கை அதிகம் அழுத்துகிறதா என்று பாருங்கள். நாக்குக்கு இடம் விட்டு லேசாக வளைந்த பிட் சிலவற்றுக்கு உதவும். பந்தயத்தில் நாக்கைக் கட்டி ஓட்டிய குதிரைகளுக்கு இந்தப் பழக்கம் நாள்பட்டு இருக்கும், பொறுமை வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தலையைச் சாய்த்தால் அந்தப் பக்கத்துப் பல்லில் சந்தேகப்படுங்கள்.

முள் பிட் போட்டால் சீக்கிரம் அடங்கும் என்கிறார்கள். தப்பா?

தப்பு, சட்டப்படியும் குற்றம். இந்தியாவில் 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள், முள்ளோ குமிழோ உள்ள பிட்டையும் சேணத்தையும் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. ஆனாலும் கல்யாண ஊர்வலக் குதிரைகளிலும் வாடகைக் குதிரைகளிலும் இன்னும் பார்க்க முடிகிறது. முள் பிட்டோடு குதிரை விற்க வந்தால், அந்தக் குதிரையை வாங்கினாலும் அந்த பிட்டை வாங்காதீர்கள், வாயை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்படியானால் கர்ப் எப்போதுமே கெட்டதா?

இல்லை. கலிஃபோர்னியாவின் பழைய மாட்டுப் பண்ணை மரபில் குதிரைக்கு முதலில் பிட்டே இல்லாத ஹாக்கமோர், பிறகு இரண்டும் சேர்ந்த கட்டம், கடைசியில்தான் பெரிய கர்ப், அதுவும் பல வருடம் கழித்து. அந்த நிலையில் லகான் தொங்கிக்கொண்டிருக்கும், விரல் அசைந்தால் போதும். டிரெஸ்ஸாஜில் இரட்டை பிரைடிலும் அப்படித்தான் வருகிறது, ஸ்நாஃபிளில் எல்லாம் செய்துவிடும் குதிரைக்கு இன்னும் நுணுக்கமாகப் பேசுவதற்கு. உங்கள் சமநிலைக்கு லகானைப் பிடித்துத் தொங்க வேண்டிய தேவை இருக்கும்வரை கர்ப் உங்கள் கைக்கு வரக் கூடாது. நிறுத்துவதற்காக கர்ப் தேவைப்படுகிறது என்றால் அந்தக் குதிரைக்கு அடிப்படைப் பாடம் முடியவில்லை.

பிட்டே இல்லாமல் ஓட்டலாமா?

ஓட்டலாம், வாயில் புண் இருக்கும்போது அப்படித்தான் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் ஆறும்வரை ஓய்வு கொடுங்கள். தாண்டும் போட்டியிலும் நெடுந்தூர ஓட்டத்திலும் பிட் இல்லாத பிரைடிலுக்கு இடம் உண்டு. ஆனால் பிட் இல்லை என்பதாலேயே அது மென்மையானது ஆகிவிடாது, நீண்ட கம்பி உள்ள ஹாக்கமோர் மூக்கெலும்பைக் கடுமையாக நெருக்கும், மூக்கின் கீழ்ப்பகுதியில் எலும்பு மெல்லியது. முதலில் மூடிய மைதானத்தில் பழக்கிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

எந்த உலோகம்?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சந்தேகம் இருந்தால். துருப்பிடிக்கும் 'ஸ்வீட் அயர்ன்' சில குதிரைகளுக்கு ருசிக்கும், உமிழ்நீர் சுரக்கும். செம்பு மென்மையானது, கடித்துக் கடித்துக் கூர் விளிம்பு உண்டாகும். ரப்பர், பிளாஸ்டிக் வகைகளைக் கடித்துக் குதறியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். மலிவான இரும்பில் நிக்கல் பூசியது வேண்டாம், பூச்சு உரிந்தால் அந்த விளிம்பு பிளேடு மாதிரி.

பிட் மாற்றினால் பொருந்துகிறதா என்று எப்படித் தெரியும்?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிட்டையும் மூக்குப் பட்டையையும் சேணத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. முதல் நாள் நன்றாக இருந்தால் நம்பாதீர்கள், அழுத்தம் புது இடத்தில் விழுவதால் பழைய வலியில் இருந்து கிடைத்த நிம்மதியாகவும் இருக்கலாம். ஒன்றிரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். வாய் மூடி, உதடு லேசாக ஈரமாக, காது நிம்மதியாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்பினால் சரி. எச்சில் கயிறாக ஒழுகினால் அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பல நேரம் கழுத்தை அதிகம் மடக்கியதால் விழுங்க முடியாமல் ஒழுகுவதுதான் அது.

ஒரு பிட்டை இரண்டு குதிரைக்குப் போடலாமா?

கூடாது. அளவு ஒத்துவந்தாலும் கூடாது. ஸ்ட்ராங்கிள்ஸ் எனும் தொண்டை நோய் பிட், வாளி, தண்ணீர்த் தொட்டி வழியாகப் பரவும், கிளாண்டர்ஸ் எனும் தொற்றுநோய் நம் நாட்டில் இன்னும் தலைகாட்டுகிறது, அது மனிதருக்கும் தொற்றும். ஒவ்வொரு குதிரைக்கும் தனி பிட், மாட்டும் ஆணியில் குதிரையின் பெயர். ஓட்டி முடித்ததும் வெறும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள், வாய்க்குள் போகும் பகுதியில் மெட்டல் பாலிஷ் தடவாதீர்கள். மூட்டில் தேய்மானம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விரலில் சுருக்கென்று பட்டால் அந்த பிட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், லாயத்தில் வைத்திருந்தால் யாராவது ஒருநாள் எடுத்து மாட்டிவிடுவார்கள்.